பெட்டி நிறைய முட்டைகள்

காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடும் என்பதை நாம் அறிவோம். அடைகாக்கும் பொறுப்பை இவ்வாறு மற்றொரு பறவையின் தலையில் கட்டிவிடுவதை அறிவியலார் ‘அடைகாப்பு ஒட்டுண்ணி வாழ்வு’ என்பர். ஒரே இனப் பறவைகள் தமக்குள்ளேயே இப்படிச் செய்வதும் உண்டு. வட அமெரிக்காவின் மரவாத்து இதற்கு நல்ல சான்று.

மரவாத்து, முதிர்ந்த மரங்களின் பொந்துகளில் முட்டையிடும். பொந்து குடைய அதனால் இயலாது. மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்தோ கிளை முறிந்து உளுத்த இடமோ கிடைத்தால்தான் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காடழிப்பாலும் வேட்டையாலும் இதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 1918இல் அமெரிக்கா வலசைப் பறவைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1930களில் பலகையாலான கூட்டுப்பெட்டிகள் வைக்கப்பட்டன. பின்னர், ஆர்வலர்கள் பலர் தங்கள் வீட்டுக் குளக்கரைகளிலும் அவற்றை அமைத்தனர். வாத்துகளும் பெருகின.

ஆனால், எதிர்பாராத சிக்கல் ஒன்று முளைத்தது. பராமரிக்க எளிதாக இருக்கும் என்று பெட்டிகளை வெட்டவெளியில் அருகருகே வைத்திருந்தனர். ஒரே கம்பத்தில் இரண்டு பெட்டிகளைப் பொருத்தியதும் உண்டு. இடம் தேடும் பெட்டை வாத்து, மற்றொரு பெட்டை நுழையும் பொந்தைக் கவனித்து அதன் பின்னே செல்லும் இயல்புடையது. அடர்ந்த காட்டில் பொந்துகள் சிதறி மறைந்திருப்பதால் அவ்வாறு பின்தொடர்வது எளிதன்று. வெட்டவெளியிலோ எது எங்கே நுழைகிறது என்பது எல்லா வாத்துகளின் கண்ணிலும் பட்டுவிடும்.

ஒன்றிரண்டு முட்டைகள் கூடினால் தாய்க்குப் பெருஞ்சுமை இல்லை. வாத்துக் குஞ்சுகள் பொரித்த மறுநாளே கூட்டை விட்டுக் குதித்து, தாமே இரை தேடும். இங்கு நடந்தது வேறு. பல பெட்டைகள் ஒரே பெட்டியில் முட்டையிட்டன. பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில் முப்பதுக்கும் மேல் குவிந்தன. அத்தனைக்கும் ஒரு தாயின் உடற்சூடு எட்டுமா? பல முட்டைகள் பொரிக்காமலே போயின. சில தாய்கள் கூட்டையே கைவிட்டன. பக்கத்துப் பெட்டி காலியாக இருந்தபோதும் இந்நிலை ஏற்பட்டதுதான் வியப்பு.

செமல், ஷெர்மன் முதலிய ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்து 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மரங்களுக்கிடையே தனித்தனியாக மறைத்து வைத்த பெட்டிகளில் பிற பெட்டைகளின் முட்டைகள் குறைந்தன; குஞ்சு பொரிப்பதும் மேம்பட்டது. அதனால், ஒரு பெட்டியிலிருந்து பார்த்தால் மற்றொரு பெட்டி தெரியாதவாறு அமைக்கும்படி இப்பொழுது அறிவுறுத்தப்படுகிறது. ஆண்டுதோறும் பெட்டிகளைத் துப்புரவு செய்து புதிய மரச்சீவல் நிரப்பும் தன்னார்வலர்களுக்கு மட்டும் நடை கூடிவிட்டது.