தெபுவான் கூட்டுக்குப் பந்தம் வேண்டாம்

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் நாள்களில் தளிரைக் கூர்ந்து பாருங்கள். மூன்று சிற்றிலைகளும் காம்பில் கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கும். தேன் சுரப்பது அங்கேதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தேனீப் பெட்டிகளை ரப்பர் தோட்டத்துக்குள் வைப்பது இதற்காகவே. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று ஊன்றிய மலேசியாவின் பேராக்கிலும் தேனீக்களுக்கு இந்த விருந்து உண்டு.

ஆனால் தோட்டத்து மக்கள் அதிகம் அஞ்சுவது தெபுவான் என்னும் குளவிக்குத்தான். பால்மரமான ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பழைய லயங்களில் புதர் மண்டிவிட்டது. ஈப்போவிலிருந்து தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் முதல் வேலையாகப் புல்வெட்டும் இயந்திரத்தை முடுக்குகிறார்கள். வினை அங்கே தொடங்குகிறது.

தெபுவானுக்குக் கரிய உடல், வயிற்றின் முன்பகுதியில் மஞ்சள் பட்டை. மரப்பட்டையைச் சுரண்டி எச்சிலோடு மென்று, காகிதம் போன்ற படலங்களால் கூடு கட்டும். கூட்டைத் தொடங்குவது ஒரே ஒரு ராணி. வெளியே பழுப்பும் சாம்பலுமாய் வரிகள், பக்கவாட்டில் ஒரு வாசல், அதில் காவல் நிற்கும் முகங்கள். பூவில் மேயும் தெபுவான் நம்மைக் கண்டால் விலகிப் போகும். கூட்டருகே கிளை அதிர்ந்தால் அதே பூச்சி பாய்ந்து வரும். கொட்டும்போது நஞ்சோடு கசியும் வாசனை மற்றவற்றையும் கூப்பிடும். அதனால்தான் அடித்து விரட்ட விரட்டக் கூட்டம் பெருகுகிறது.

இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்கள் குளவி கொட்டி மருத்துவமனைக்குப் போவது அடிக்கடி வரும் செய்தி. தேயிலைச் செடிக்குள் கை போகும்வரை கூடு கண்ணில் படாது.

கூடு கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், கதவடைத்த வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ. பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் குதிக்காதீர்கள். மூச்சுக்குத் தலை தூக்கும்போது மேலே காத்திருக்கும். குட்டையின் ஆழம் வேறு ஆபத்து. தேனீயின் முள்வைத்த கொடுக்கு நஞ்சுப் பையோடு தோலில் தங்கும், உடனே நகத்தால் வழித்தெடுங்கள். தெபுவானின் கொடுக்கு தங்காது, ஒன்றே பல முறை கொட்டும். சுண்ணாம்பு தடவுவது பழக்கம்தான், ஆனால் தோலுக்கடியில் இறங்கிய நஞ்சை அது எட்டாது. நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு கொட்டே உயிரைப் பறிக்கலாம், மருத்துவமனையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். நிறையக் கொட்டு வாங்கியவருக்குச் சிறுநீர் கறுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று பொருள்.

மூங்கிலில் பந்தம் கட்டிக் கொளுத்தும் வீரம் வேண்டாம். 999ஐ அழையுங்கள். பொம்பா எனப்படும் தீயணைப்பு வீரர்கள் பகலில் வந்து பார்த்தாலும், பெரும்பாலும் இருட்டிய பிறகே கூட்டில் கை வைப்பார்கள். இரை தேடப் போனவை எல்லாம் திரும்பியிருக்க வேண்டுமே! கோயில் துப்புரவுக்கு நாள் குறிப்பவர்கள் அந்த ஓர் இரவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.