கிளிப் போட்ட பிள்ளைக்குத் தாடையில் ‘டக்’ சத்தமா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நீங்கள் வாங்கி வந்த கொய்யாவை மகள் கடிக்கிறாள். காதோரம் ‘டக்’ என்று ஒரு சத்தம்! (கிளிப்போடு கொய்யாவை அப்படியே கடிக்கவே கூடாது, அது வேறு கதை.) “கிளிப் போட்டதாலதான் தாடை கழண்டுபோச்சு, முதல்ல அதைக் கழட்டச் சொல்லு” என்பார் மாடி வீட்டு மாமி. உங்களுக்கு ராத்திரி தூக்கம் போய்விடும்.

இந்தச் சந்தேகம் அமெரிக்காவில் கோர்ட் வரை போனது. பல் சீரமைப்பால் தாடை மூட்டு கெட்டுப்போனதாக மிச்சிகனில் ஓர் இளம்பெண் தொடுத்த வழக்கில், 1987-ல் ஜூரிகள் பெரிய தொகையை நஷ்டஈடாகத் தரச் சொன்னார்கள். அதன் பிறகுதான் ஆராய்ச்சிகள் சூடு பிடித்தன. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸின் கார்டிஃப் நகரில் 1981-ல் 11, 12 வயதில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களில் பலரை இருபது வருஷம் கழித்தும் பரிசோதித்தார்கள். 2009-ல் வெளியான முடிவு: கிளிப் தாடை மூட்டுக் கோளாறை உண்டாக்குவதுமில்லை, தடுப்பதுமில்லை.

அப்படியானால் சத்தம்? காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உருள்கிறதே, அதுதான் தாடை மூட்டு. அதற்குள் மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு உண்டு. அது இடம் நழுவித் திரும்பி உட்காரும்போதுதான் ‘டக்’. இது தலைகாட்டுவது பெரும்பாலும் பதின்வயதில். கிளிப் போடுவதும் அதே வயதில்தானே, பழி அதன்மேல் விழுகிறது. வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம்.

கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் ‘ட்வின் பிளாக்’, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் இணைக்கும் குட்டி ரப்பர் பேண்ட் இரண்டும் ஆரம்பத்தில் சில நாள் தாடையை வலிக்க வைக்கலாம். வலி அடங்காவிட்டாலோ, அவளுடைய மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ரப்பர் பேண்டைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்பார்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் சில சமயம் வலியே காட்டாமல் தாடை மூட்டை அரித்துவிடும். காலையில் வாய் விறைப்பு, முகவாய் ஒரு பக்கமாகக் கோணுவது, கூடவே முழங்கால் வீக்கம் என்றால் குழந்தை டாக்டரிடம் ஓடுங்கள். கிளிப்பைத் திட்டிக்கொண்டிருந்தால் இதைக் கோட்டைவிட்டுவிடுவோம்.

கிளிப் போடும் முன்பே தாடை மூட்டையும் பரிசோதித்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். தாடை வலி தீரக் கிளிப் போடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். பல்லாவரத்தில் பீச் போகிற மின்சார ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால், எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. பழைய எக்ஸ்ரேக்களை மறக்காமல் எடுத்துப் போங்கள்.