டிரைவர் மேல் விழுந்த பழி

2008 செப்டம்பரில் லினக்ஸ் 2.6.27இன் சோதனைப் பதிப்புகளை நிறுவிப் பார்த்த சிலருக்குக் கம்பிவழி இணையம் நின்றுபோனது. பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள், அப்போதும் வரவில்லை. மென்பொருள் கோளாறு என்றால் பழைய மென்பொருளைப் போட்டதும் சரியாகிவிட வேண்டும். இங்கே வன்பொருளே கெட்டுப்போயிருந்தது.

கெட்டவை இன்டெலின் 82566, 82567 வகை நெட்வொர்க் சிப்புகள். மதர்போர்டோடு சேர்ந்தே வருபவை என்பதால் அவற்றைக் கழற்றி வேறு போட வழியில்லை. மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சிறு நினைவகத்தில்தான் இந்தச் சிப்பின் 48 பிட் மேக் முகவரியும் தொடக்க அமைப்புகளும் இருக்கின்றன. கூடவே ஒரு சரிபார்ப்புத் தொகையும் உண்டு. சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏறியதும் முதலில் அந்தத் தொகையைக் கூட்டிப் பார்க்கும். கணக்கு உதைத்தால் சிப்பை இயக்க மறுத்துவிடும். பாதிக்கப்பட்ட கணினிகளில் அந்த நினைவகத்தில் யாரோ கண்டபடி எழுதியிருந்தார்கள்.

சந்தேகம் இயல்பாகவே இ1000இ என்ற டிரைவர் மேல் விழுந்தது. அந்தச் சிப்போடு பேசும் வேலை அதனுடையதுதானே! உபுண்டு 8.10இன் சோதனைப் பதிப்பில் அந்த டிரைவரையே முடக்கி வைத்தார்கள். இன்டெல் பொறியாளர்கள் அதன் நிரலை வரி வரியாகத் துருவினார்கள். பூட்டு போடாமல் விட்ட சில இடங்கள் அகப்பட்டன, அவற்றைத் திருத்தினார்கள். ஆனால் சிப்பைக் கொல்லும் அளவுக்கு எதுவும் சிக்கவில்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூல நிரலில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். அவை எல்லாமும், கெர்னலின் மற்றப் பகுதிகளும், ஒரே முகவரிப் பரப்பில், ஒரே முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. நடுவே தடுப்புச் சுவர் கிடையாது. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. அதற்கான விலை, ஒரு மூலையில் செய்த பிழை சற்றும் தொடர்பில்லாத இன்னொரு மூலையில் போய் வெடிக்கலாம் என்பது.

இத்தகைய பிழையைத் தேட ஒரு நல்ல முறை உண்டு. இரண்டு பதிப்புகளுக்கு இடையே வந்த மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் கோளாறு தோன்றுகிறது என்று சோதித்துக்கொண்டே போனால், பத்துப் பதினைந்து சுற்றுகளில் குற்றவாளி மாட்டும். ஆனால் இங்கே ஒவ்வொரு சுற்றிலும் சிப் சாகலாம். அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு சோதித்த தன்னார்வலர்களால்தான் தடயம் கிடைத்தது. அது போய் நின்ற இடம் நெட்வொர்க்கோடு ஒட்டும் உறவும் இல்லாத எஃப்டிரேஸ்.

ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதிய எஃப்டிரேஸ், கெர்னலுக்குள் எந்தச் செயற்கூறு எப்போது ஓடுகிறது என்று கண்காணிக்கும் கருவி. இதற்காகக் கம்பைலர் ஒவ்வொரு செயற்கூறின் தொடக்கத்திலும் ஓர் அழைப்பைச் செருகும். கண்காணிக்காத நேரத்தில் அந்த அழைப்புகள் வீண் சுமை. ஆகவே அவை இருக்கும் முகவரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, வினாடிக்கு ஒருமுறை விழித்து, அவற்றை ஒன்றும் செய்யாத கட்டளைகளாக மாற்றி எழுதிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னையே திருத்திக்கொள்ளும் துணிச்சலான வடிவமைப்பு இது.

டிரைவர்களில் ஏறும்போது மட்டும் தேவைப்படும் தொடக்க நிரல் ஒன்று இருக்கும். அது ஓடி முடிந்ததும் கெர்னல் அந்த இடத்தைக் காலி செய்துவிடும். எஃப்டிரேஸின் பட்டியலில் மட்டும் பழைய முகவரி அழியாமல் நின்றது. காலியான வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்த பிறகும் பழைய ஆள் பெயருக்கே கடிதம் போடுவதுபோல, அது அந்த முகவரிக்கே எழுதப் போனது. 32 பிட் கணினிகளில் முகவரிப் பரப்பு குறுகலானது. டிரைவர் நிரலுக்கும் சாதனங்களின் பதிவேடுகளுக்கும் ஒரே பகுதியிலிருந்துதான் இடம் ஒதுக்குவார்கள். அப்படிக் காலியான இடத்தில் இ1000இ தன் சிப்பின் அழியா நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பதிவேடுகளைக் கொண்டுவந்து வைத்திருந்தது.

எஃப்டிரேஸ் கண்ணை மூடிக்கொண்டும் எழுதவில்லை. 'நான் எதிர்பார்க்கும் மதிப்பு அங்கே இருந்தால் மட்டும் மாற்று' என்ற ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைத்தான் அது பயன்படுத்தியது. பார்த்தால் பாதுகாப்பானதுபோலவே இருக்கும். ஆனால் இன்டெல் பிராசசர்களில் அந்தக் கட்டளை, ஒப்பீடு தோற்றாலும் பழைய மதிப்பையே திரும்ப எழுதிவிடும். சாதாரண நினைவகத்தில் இதனால் எதுவும் மாறாது. சாதனத்தின் பதிவேட்டிலோ எழுதுவது என்பதே ஓர் உத்தரவு. எழுதிய மதிப்பு பழையதா புதியதா என்று சிப் பார்ப்பதில்லை.

இந்தக் காரணம் புலப்படும் முன்பே இன்டெல் ஒரு திருத்தம் தந்திருந்தது. டிரைவர் ஏறியதும் அந்த நினைவகத்தின் தன் பகுதிக்கு எழுத்துப் பூட்டு போட்டுவிடும். அதற்குப் பிறகு யார் எழுதவோ அழிக்கவோ முயன்றாலும் வன்பொருள் பொருட்படுத்தாது. மின்சாரத்தை முழுவதும் துண்டித்து மறுபடி போட்டால்தான் பூட்டு திறக்கும். இந்த விவகாரத்தில் மிகச் சிறந்த திருத்தம் இதுதான் என்பேன். பழி தன்னுடையது இல்லை என்று நிறுவும்வரை காத்திராமல், தன் பொறுப்பில் உள்ள பொருளை எவர் கையும் படாதபடி டிரைவர் காத்துக்கொண்டது.

2.6.27 அந்தப் பூட்டோடு அக்டோபர் 9 அன்று வெளிவந்தது. அக்டோபர் 15இல் வந்த 2.6.27.1, எஃப்டிரேஸின் தன்னைத் திருத்தும் பகுதியை முடக்கியது. அடுத்து வந்த 2.6.28இல் ரோஸ்டெட் அதை வேறு வழியில் கட்டினார். அழைப்புகள் இருக்கும் இடங்களைக் கெர்னலைக் கட்டும்போதே கணக்கெடுத்து வைப்பதால், வினாடிக்கு ஒருமுறை விழிக்கும் காவலுக்கு வேலை இல்லாமல் போனது. மாற்றுவதற்கு முன் அங்கே இருப்பது என்ன என்று தனியே படித்துப் பார்த்துவிட்டே எழுதும் முறையும் வந்தது. எஃப்டிரேஸ் இன்று கெர்னல் பொறியாளர்கள் அன்றாடம் கையாளும் கருவி. இ1000இ டிரைவரின் எழுத்துப் பூட்டும் இன்றுவரை கெர்னலில் இருக்கிறது. பயனர் வேண்டாம் என்று சொல்லாதவரை தானாகவே போட்டுக்கொள்ளும்.