குடிநீரில் மாங்கனீசு: நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து குழாய் வரை

கிராஞ்சியில் தொடங்கி 48 கிலோமீட்டர் நீளும் ஆழ்சுரங்கம் ஒன்று சாங்கியில் வந்து முடிகிறது. நாம் பயன்படுத்திக் கழித்த நீரை அது சாங்கி நீர் மீட்பு நிலையத்திற்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. 2009இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் தூய்மை பெறும் நீரின் ஒரு பகுதி, நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புறஊதாக் கதிர் ஆகிய மூன்று படிகளைக் கடந்து புதுநீர் ஆகிறது. கரைந்த உப்புகளையே சவ்வு தடுத்துவிடுவதால், அந்நீரில் மாங்கனீசு ஏறக்குறைய இல்லை எனலாம்.

ஆனால் புதுநீர் நேராக நம் வீட்டுக் குழாய்க்கு வருவதில்லை. பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. வறண்ட மாதங்களில் ஒரு பகுதி நீர்த்தேக்கங்களில் கலக்கப்படுகிறது. எத்துணைத் தூய நீராயினும் நீர்த்தேக்கத்தில் சேர்ந்தபின் அதன் அடிமண்ணோடு உறவுகொண்டே ஆக வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அங்கேதான் தொடங்குகிறது.

நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பை வெயில் சூடாக்குகிறது. சூடான நீர் இலேசானது. குளிர்ந்த அடிநீரின்மேல் அது மூடிபோல் கிடக்கிறது. இரண்டும் கலவாத நாள்களில் அடிநீருக்குக் காற்றின் தொடர்பு அற்றுப்போகிறது. அழுகும் இலைகளும் பாசியும் எஞ்சிய ஆக்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிசன் உள்ளவரை கருநிறத் திண்மமாக மண்ணில் கிடந்த மாங்கனீசு ஆக்சைடு, அது தீர்ந்ததும் கரைந்து நீரில் ஏறுகிறது. குளிர்நாடுகளில் பருவம் மாறும்போது இவ்வடுக்குகள் தாமே கலைந்துவிடும். நமக்கோ கனமழையும் காற்றும்தான் அவ்வேலையைச் செய்ய வேண்டும்.

இவ்வாறு கரைந்த மாங்கனீசுக்கு நிறமில்லை. குவளையில் ஏந்திப் பார்த்தால் தெளிந்த நீர் என்றே சொல்வோம். குளோரின் பட்டுப் பையப்பைய ஆக்சைடாக மாறும்போதுதான் அது கறுக்கிறது; குழாயின் உட்சுவரில் மெல்லிய படிவாக ஒட்டிக்கொள்கிறது. லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் அளவே இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் படிவு சேரும். பின்னொருநாள் நீரோட்டத்தின் வேகம் திடீரென மாறினால், அப்படிவு பெயர்ந்து கருநீராகக் குழாயில் வருகிறது.

ஆகவே நீர்த்தேக்கத்திலேயே மாங்கனீசைத் தடுப்பது நல்லது. அடியில் காற்றுக் குமிழிகளைச் செலுத்தி நீரைப் புரட்டலாம். வெவ்வேறு ஆழங்களில் வாயில்கள் வைத்து, அன்றைக்கு எந்த மட்டத்து நீர் நன்றாயிருக்கிறதோ அதை எடுக்கலாம். அதையும் மீறி வருவதைச் சுத்திகரிப்பு நிலையம் கவனிக்க வேண்டும். இங்கே இரும்புக்கும் மாங்கனீசுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் கருதுக. இரும்பு காற்றுப் பட்டாலே துருவாகிப் படியும். மாங்கனீசு அவ்வளவு எளிதில் இணங்காது. காற்றால் மட்டும் அதை மாற்ற, நீரின் காரத்தன்மையை மிக உயர்த்த வேண்டும். அதனால் குளோரின், ஓசோன், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற வலிய ஆக்சிசனேற்றிகளை நாடுகின்றனர். இவற்றுள் பெர்மாங்கனேட்டும் மாங்கனீசுச் சேர்மமே என்பது வேதியியலின் வேடிக்கை. அதன் அளவு மிகுந்தால் வேறு தொல்லை: 2017இல் கனடாவின் ஆனோவே என்னும் சிற்றூரில் குழாய்நீர் இளஞ்சிவப்பாக ஓடியது.

கறையைப் போக்கத்தான் இத்தனை பாடா? நெடுங்காலம் அப்படித்தான் கருதப்பட்டது. சப்பானில் கிணற்றருகே புதைத்த ஏறத்தாழ 400 உலர்மின்கலங்களால் 25 பேர் நோயுற்ற செய்தி 1941இலேயே பதிவாகியிருந்தும், அது அரிதான விபத்தாகவே எண்ணப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2004இல் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் என வரம்பு வகுத்தது. 2011இல் குடிநீரில் அந்த அளவு பொதுவாகக் காணப்படுவதில்லை என்று கூறி அவ்வரம்பையும் கைவிட்டது. அதே ஆண்டில்தான் கனடாவின் கியூபெக்கில் 362 பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், நீரில் மாங்கனீசு மிகுந்த வீட்டுப் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் குறைந்திருக்கக் கண்டனர். ஓர் ஆய்வு காரணத்தை நிறுவிவிடாது. ஆனால் வங்காளதேசத்தின் அரைகஜாரிலும் 2006இல் இத்தகைய முடிவே கிடைத்திருந்தது. 2022இல் வெளிவந்த வழிகாட்டி நூலில் 0.08 என்னும் தற்காலிக வரம்பு இடம்பெற்றது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தையை அளவுகோலாகக் கொண்டு வகுத்த வரம்பு அது. நம் உடலுக்குச் சிறிது மாங்கனீசு தேவை. தேநீரிலேயே அது நிறைய உண்டு. பெரியவர்களின் உடல் மிகுதியைப் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும். பச்சிளங்குழந்தைக்கு அத்திறன் முதிர்ந்திருக்காது. பால்மாவிலும் மாங்கனீசு இருப்பதால், கலக்கும் நீரில் உள்ளது அதற்கு மேலும் சேரும்.

சிங்கப்பூரில் குடிநீருக்கு நிலத்தடி நீரை நம்பி நாம் வாழவில்லை. விடுமுறைக்குச் செல்லும் தமிழகத்து ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் இருக்கலாம். இந்தியத் தரநிலை அங்கு 0.1 மில்லிகிராமை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் கிடைக்காவிடில் 0.3 வரை பொறுத்துக்கொள்ளத்தக்கதாகவும் கூறுகிறது. அந்நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். மாங்கனீசு போகாது, நீர் ஆவியாகிய அளவுக்குச் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரின் மாங்கனீசை ஆய்வகத்தில் அளந்து அறியலாம். கைக்குழந்தை உள்ள வீடாயின் அச்சோதனையைப் பால் கரைக்கத் தொடங்குமுன் செய்துகொள்ள வேண்டும்.