விடுமுறை முகாம்: தேர்வு செய்வது பிள்ளையா, பெற்றோரா?

ஜூன் விடுமுறை நெருங்கினால் பல வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு ஒரு படிவம் வந்துவிடும். சமூக மன்றத்திலோ பள்ளியிலோ தனியார் நிலையத்திலோ நடக்கும் விடுமுறை முகாமுக்கான படிவம் அது. ரோபோ, கோடிங், களிமண் வேலை, நீச்சல், நாடகம், சமையல், சிலம்பம் என்று பட்டியல் நீளும். பக்கத்திலேயே கட்டணமும் இருக்கும். பேனாவைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் அப்பா அல்லது அம்மா. “கோடிங் போ, பின்னால் உதவும்” என்பார்கள். பிள்ளையின் விரலோ களிமண் வகுப்பின் மேல் நிற்கும். உங்கள் வீட்டில் இந்த இழுபறி எப்படி முடிகிறது?

வீட்டு விவகாரம் என்று இதை நாம் நினைக்கலாம். உளவியல் ஆய்வாளர்களோ பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றில் சில பிள்ளைகளுக்குச் சாதகம், சில பெற்றோருக்குச் சாதகம்.

கோடைக்கால முகாம் என்ற வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. 1861ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெட்ரிக் கன் என்ற பள்ளித் தலைவர் தம் மாணவர்களைக் கடலோரத்துக்கு நடத்தியே அழைத்துச் சென்று கூடாரமடித்துத் தங்கவைத்தார். அதையே முதல் முகாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்று அங்குள்ள பல முகாம்களில் வில்வித்தையா, படகோட்டமா, மரவேலையா என்று பிள்ளைகளே விருப்ப வரிசை எழுதிக் கொடுக்கிறார்கள். நமக்குக் கோடை என்று தனியாக ஒன்றும் இல்லை. பள்ளி மூடியிருக்கும் நான்கு வாரம்தான் இருக்கிறது. ஆனாலும் கேள்வி ஒன்றுதான்.

தலைவர் அறையை விட்டு வெளியே போனதும்

நாஜி ஆட்சி வந்ததும் 1933ல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய உளவியலாளர் கர்ட் லெவின், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனையைத் தொடங்கினார். ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் இருவரும் அவருடன் சேர்ந்துகொண்டனர். பள்ளி முடிந்தபின் கூடும் பொழுதுபோக்குக் குழுக்களில் 10 வயதுச் சிறுவர்களைச் சேர்த்தார்கள். முகமூடி செய்வது போன்ற கைவேலைகள்தான் நடந்தன. தலைவர்கள் மட்டும் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். ஒருவர் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்து கட்டளையிட்டார். இன்னொருவர் சிறுவர்களோடு கலந்து பேசி, அவர்களையே முடிவு செய்யவைத்து, தேவைப்பட்ட இடத்தில் உதவினார். மூன்றாமவர் “உங்கள் இஷ்டம்” என்று விட்டுவிட்டார். 1939ல் முடிவுகள் வெளிவந்தன.

கட்டளையிடும் தலைவர் முன்னால் அடங்கிப்போன குழுவினர், அவர் அறையில் இருக்கும்வரை 74 விழுக்காடு நேரம் வேலையில் இருந்தார்கள். கலந்து பேசும் தலைவரின் குழு 50 விழுக்காடுதான். “பார்த்தீர்களா, கண்டிப்புதான் வேலை வாங்கும்” என்று சொல்லத் தோன்றுகிறதா? தலைவர் வெளியே போனதும் என்ன ஆனது என்று பாருங்கள். முதல் குழு 29 விழுக்காட்டுக்கு விழுந்தது. இரண்டாவது குழு 46 விழுக்காட்டில் நின்றது. தாங்களே எடுத்துக்கொண்ட வேலை என்பதால் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது நடந்தது.

மூன்றாவது குழுவையும் மறக்கவேண்டாம். முழுச் சுதந்திரம் கொடுக்கப்பட்ட அந்தச் சிறுவர்கள், தலைவர் இருக்கும்போதே மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் வேலை செய்தார்கள். பிள்ளையின் விருப்பத்துக்கு விடுவது என்றால் பிள்ளையைக் கைவிடுவது என்று பொருளல்ல. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

தேர்வு சிறியதாக இருந்தாலும் அதற்குப் பலன் உண்டு. டயானா கோர்டோவா, மார்க் லெப்பர் ஆகியோர் 1996ல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப்பள்ளி மாணவர்கள் கணினியில் ஒரு கணித விளையாட்டை விளையாடினார்கள். சிலருக்கு மட்டும் தங்கள் விண்கலத்துக்கு என்ன பெயர் வைப்பது, எந்தச் சின்னம் போடுவது போன்றவற்றை முடிவு செய்யும் உரிமை இருந்தது. கணக்குக்கும் அந்தப் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அவர்கள் கூடுதல் ஈடுபாட்டோடு விளையாடினார்கள், கணக்கையும் மற்றவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

“அம்மாவிடமா கேட்டீர்கள்?”

இதுவரை படித்ததை வைத்துப் பேனாவைப் பிள்ளையிடம் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஆசியக் குடும்பங்கள் கவனிக்கவேண்டிய ஆய்வு இனிமேல்தான் வருகிறது. அதைச் செய்தவர்கள் ஷீனா ஐயங்காரும் அதே லெப்பரும். பெயரைப் பார்த்து நம்மவர் என்று உரிமை கொண்டாட வேண்டாம். ஷீனா கனடாவின் டொரோண்டோவில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். ஐயங்கார் என்பது மணவழி வந்த பெயர். இளவயதிலேயே பார்வையை இழந்த அவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

1999ல் வெளியான அந்த ஆய்வு சான்ஃபிரான்சிஸ்கோவில் 7 முதல் 9 வயதுள்ள பிள்ளைகளிடம் நடந்தது. ஒரு பகுதியினர் வெள்ளை அமெரிக்கக் குடும்பத்தினர். மற்றவர்கள் வீட்டில் சீனமோ ஜப்பானிய மொழியோ பேசும் குடியேறிகளின் பிள்ளைகள். மேசையில் ஆறு குவியல் எழுத்துப் புதிர்களும் ஆறு வண்ணப் பேனாக்களும் இருந்தன. சிலர் தாங்களே ஒரு குவியலையும் பேனாவையும் எடுத்தார்கள். சிலருக்கு ஆய்வாளர் எடுத்துக் கொடுத்தார். இன்னும் சிலரிடம், “உன் அம்மா உனக்காக இதைத் தேர்ந்தெடுத்தார்” என்று சொல்லப்பட்டது.

வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்தபோதுதான் அதிகப் புதிர்களை விடுவித்தார்கள். அம்மா தேர்ந்தெடுத்தார் என்றதும் சோர்ந்துபோனார்கள். “என் அம்மாவிடமா கேட்டீர்கள்?” என்று ஒரு சிறுமி கூசிப்போனதாக ஐயங்கார் பின்னர் எழுதியிருக்கிறார். ஆசியப் பிள்ளைகளிடம் நேர்மாறாக நடந்தது. அம்மா தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்பட்டபோதுதான் அவர்கள் மிகச் சிறப்பாகச் செய்தார்கள், ஓய்வு நேரத்திலும் புதிர்களை விடாமல் எடுத்தார்கள். முன்பின் தெரியாத ஆய்வாளர் தேர்ந்தெடுத்தால் மட்டும் இரு தரப்பினருக்கும் பிடிக்கவில்லை.

“அப்படியானால் கோடிங்தான்!” என்று மேசையைத் தட்டும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகள் அல்லர். சோதனையும் சில நிமிடங்களில் முடியும் விளையாட்டு, மூன்று வாரம் நடக்கும் வகுப்பு அல்ல. அம்மாவின் தேர்வு அங்கே பலித்ததற்குக் காரணம், அம்மாவைத் தன்னிலிருந்து வேறாக அந்தப் பிள்ளை நினைக்கவில்லை என்பதே. உங்கள் தேர்வைப் பிள்ளை “நம்முடையது” என்று எடுத்துக்கொள்கிறதா, “அவர்களுடையது” என்று எடுத்துக்கொள்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். 8 வயதில் முதல் வகையாக இருக்கும் பிள்ளை 13 வயதில் இரண்டாம் வகைக்குப் போயிருக்கலாம்.

மீனெண்ணெய் குடித்த குழந்தை

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு முகாமைப் பற்றியது அல்ல, சாப்பாட்டைப் பற்றியது. அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920களின் பிற்பாதியில் அதைத் தொடங்கினார். அப்போதுதான் தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளைப் பொறுப்பேற்று, ஒவ்வொரு வேளையும் அவர்களே சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்க விட்டார். மொத்தப் பட்டியலில் 34 உணவுகள் இருந்தன. பால், புளித்த பால், முட்டை, ஈரல், எலும்பு மஜ்ஜை, மீன், தானியங்கள், கீரை, பழங்கள், உப்புகூடத் தனிக் கிண்ணத்தில் இருந்தது. தாதியர் கையில் கரண்டியோடு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினால் மட்டும் ஊட்டலாம். இதைச் சாப்பிடு என்று சொல்லவோ முகத்தைச் சுளிக்கவோ கூடாது.

பெரியவர்கள் அஞ்சியது போல எதுவும் நடக்கவில்லை. ஒரு குழந்தை ஒரு வேளை முட்டையாகவே தின்றது, இன்னொன்று வாழைப்பழமாகவே தின்றது. ஆனால் நாள்கணக்கில் கூட்டிப் பார்த்தால் எல்லாக் குழந்தைகளும் நன்றாகவே வளர்ந்தன. ரிக்கெட்ஸ் எனும் எலும்புநோயோடு வந்த ஒரு குழந்தையின் தட்டில் ஒரு கிண்ணம் மீனெண்ணெயையும் வைத்தார்கள். அது வேண்டும்போது குடித்தது. எலும்பு குணமானபின் தொடுவதையே விட்டுவிட்டது.

குழந்தைக்கு எது நல்லது என்று உடலே அறியும் என இதிலிருந்து பலர் முடிவு கட்டினார்கள். டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. 1939ல் எழுதிய கட்டுரையில், சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று அவரே விளக்கினார். அந்த 34 உணவுகளில் சீனியும் இல்லை, டின்னில் அடைத்ததும் இல்லை. எல்லாம் எளிய, பதப்படுத்தாத உணவுகள். எதை எடுத்தாலும் கெடுதல் இல்லாதபடி பட்டியலை எழுதியவர் டேவிஸ். அதிலிருந்து எடுத்தது குழந்தை.

முகாம் படிவத்துக்கும் இதையே செய்யலாம். உங்கள் பைக்குக் கட்டுப்படியாகும், பேருந்தில் போய்வரக்கூடிய, உங்களுக்கு மறுப்பில்லாத நான்கு வகுப்புகளை முதலில் நீங்கள் பொறுக்குங்கள். பிறகு பேனாவைப் பிள்ளையிடம் கொடுங்கள், கொடுத்தபின் முகத்தைச் சுளிக்காதீர்கள். ஆனால் “ஸ்கிராட்ச் கோடிங், பைத்தன் கோடிங், ரோபோ கோடிங்” என்று மூன்றை மட்டும் எழுதி நீட்டினால், 6 வயதுப் பிள்ளைக்கும் உங்கள் தந்திரம் புரிந்துவிடும்.

பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்கலாம்? இதற்கும் ஐயங்காரும் லெப்பரும் செய்த ஓர் ஆய்வு புகழ்பெற்றது. 2000ல் வெளியான அந்த ஆய்வில், கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 விழுக்காட்டினர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 விழுக்காட்டினர் வாங்கினார்கள். ஆனால் இதைப் போன்ற பல சோதனைகளை 2010ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள், சராசரியில் அந்த விளைவு ஏறத்தாழ பூஜ்யம் என்று கண்டார்கள். ஆகவே எண்ணிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இதைவிடப் பயனுள்ளது எரிக்கா பட்டால் குழுவினர் 2008ல் 41 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது: ஒரே ஒரு பெரிய தேர்வைவிட, அடுத்தடுத்து இரண்டு முதல் நான்கு சிறு தேர்வுகள் ஆர்வத்தைக் கூடுதலாகத் தூண்டுகின்றன. எந்த வகுப்பு, காலையா மாலையா, யாரோடு சேர்ந்து போவது என்று கேட்டாலே போதும். தேர்வோடு பரிசைச் சேர்த்தால் பலன் குறைகிறது என்பதும் அந்தத் தொகுப்பில் தெரிந்தது.

பரிசு என்றதும் லெப்பரின் பழைய சோதனை ஒன்றைச் சொல்லவேண்டும். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் நாடா ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்றார்கள். சொன்னபடி கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களில் பாதிதான். 1973ல் வந்த முடிவு இது. முகாமின் கடைசி நாளில் எதிர்பாராமல் ஒரு சான்றிதழ் கிடைத்தால் கெடுதல் இல்லை, அதைச் சோதனையே காட்டியது. முதல் நாளிலேயே அதை ஆசைகாட்டி அனுப்புவதுதான் சிக்கல்.

இரண்டாம் நாள் “எனக்குப் பிடிக்கவில்லை” என்று பிள்ளை வந்து நின்றால்? ஆர்வம் எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த சூசன் ஹிடி, ஆன் ரென்னிங்கர் இருவரும் அதை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு கட்டங்களில் ஆர்வம் பிள்ளையிடம் இன்னும் ஊன்றியிருக்காது. ஆசிரியர், நண்பர்கள், கையில் கிடைக்கும் பொருள்கள் ஆகியவைதான் அதைத் தாங்கிப் பிடிக்கும். முதல் நாள் சுடர்விட்டது மறுநாள் மங்குவது இயல்பு. எத்தனை நாள் போய்ப் பார்த்தபின் விடலாம் என்பதைப் பணம் கட்டுமுன்பே பேசி வைப்பது நல்லது.

எந்த வயதில் தொடங்கலாம்? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2020ல் வெளிவந்தது. நடை பழகும் வயதுக் குழந்தைகள்கூட, இரண்டு பொம்மைக் கட்டைகளில் ஒன்றை எடுத்தபின், எடுக்காமல் விட்டதைப் பின்னாலும் ஒதுக்கினார்கள். கட்டையை ஆய்வாளர் எடுத்துக் கொடுத்தபோது அப்படி ஒதுக்கவில்லை. ஆகவே நாடகத்தைத் தேர்ந்தெடுத்த பிள்ளை, சதுரங்கம் தனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடக்கூடும். இந்த ஜூனில் விட்டுப்போனதை டிசம்பர் பட்டியலில் மறுபடியும் எழுதிவையுங்கள்.

மிகச் சிறிய பிள்ளையிடம் வாயால் கேட்கும்போது இன்னொரு வேடிக்கையையும் நினைவில் வைக்கவேண்டும். கலிபோர்னியாவில் 2 வயதையொட்டிய குழந்தைகளிடம் “இதுவா, அதுவா” என்று கேட்டபோது, ஏறத்தாழ 85 விழுக்காடு நேரம் இரண்டாவதாகச் சொன்னதையே பதிலாகச் சொன்னார்கள். கடைசியாகக் காதில் விழுந்த சொல் நாக்கில் நிற்கிறது, அவ்வளவுதான். படமாகக் காட்டியபோது அந்தச் சாய்வு மறைந்துவிட்டது. பாலர் பள்ளிப் பிள்ளைக்கு முகாம் பட்டியலைப் படித்துக் காட்டுகிறீர்களா? முடிந்தால் படங்களைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் இன்று மேலிருந்து கீழாகவும், நாளை கீழிருந்து மேலாகவும் படியுங்கள். இரண்டு தடவையும் சிலம்பம் என்றே பதில் வந்தால் பணத்தைக் கட்டிவிடலாம்.