பூவாறு: நதி கடலைச் சேரும் எல்லை

படகில் வருபவர்களுக்கு இது சுற்றுலாத் தலம். பக்கத்து வட்டத்து விவசாயிகளுக்கு இது வேறு கதை.

களியக்காவிளையோடு தமிழ்நாடு முடிந்துவிடுகிறது, தமிழ் முடிவதில்லை. அடுத்த ஊரான பாறசாலையின் கடைத்தெருவில் ஒரே பேச்சில் தமிழும் மலையாளமும் மாறி மாறி வருகின்றன. 1950களில் திருவிதாங்கூர் தமிழர்கள் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது.

பாறசாலையிலிருந்து மேற்கே தென்னந்தோப்புகளைத் தாண்டினால் பூவாறு. அகஸ்திய மலையில் பிறக்கும் நெய்யாறு 56 கி.மீ. ஓடி அரபிக்கடலில் கலப்பது இங்கேதான். அலையாத்தி மரங்கள் கவிந்த வாய்க்கால்களில் மெல்ல நகரும் படகு சட்டென்று வெட்டவெளிக்கு வருகிறது. ஒரு பக்கம் அசையாத ஆறு, மறுபக்கம் சீறும் கடல், நடுவே ஒரு நீண்ட மணல் திட்டு. ஆறு கடலைச் சேரும் இந்த வாய்க்குப் பெயர் ‘பொழி’. குமரி மாவட்டத்து மீனவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். மழைக்கால வெள்ளம் மணலை அறுத்துக்கொண்டு பாயும். கோடையில் கடல் மணலைக் குவித்து வாயை அடைக்கும். பார்க்க அழகுதான். ஆனால் ஆற்றின் இழுப்பும் அலையும் மோதும் இடம் என்பதால் இங்கே குளிக்க இறங்குவது ஆபத்து.

நேரமிருப்பவர்கள் ஆற்றோடு மேலே போகலாம். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பழைய பலாமரத்தின் அடிமரம் பாதுகாக்கப்படுகிறது. எதிரிகளிடமிருந்து தப்பிய மார்த்தாண்ட வர்மா இதன் பொந்தில்தான் ஒளிந்திருந்தார் என்பது மரபு. இன்னும் மேலே அருவிப்புரம். கோயிலுக்குள் நுழையவே தடுக்கப்பட்டிருந்த சமூகத்தில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு, 1888இல் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தது இந்த ஆற்றங்கரையில்தான்.

ஒரு காலத்தில் இரு பக்கத்தையும் தண்ணீரே இணைத்தது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க 19ஆம் நூற்றாண்டில் திட்டமிடப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், பூவாறிலிருந்து குமரிக் கடலோரத்துக்குப் போனது. திட்டம் முழுமை பெறவேயில்லை. பின்னர் வந்த நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தந்தது. 2004இல் அந்தத் தண்ணீரைக் கேரளம் நிறுத்தியது.

நெய்யாறு தன் எல்லைக்குள் மட்டுமே ஓடுகிறது என்பது கேரளத்தின் வாதம். அணை திட்டமிடப்பட்டபோது விளவங்கோடும் அதே ராஜ்யத்தில்தான் இருந்தது, அதன் பங்கை எல்லைக்கோடு அழித்துவிடாது என்பது தமிழகத்தின் பதில். 2012இல் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

பூவாறில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள், களியக்காவிளை தாண்டியதும் நெய்யாற்றுக் கால்வாய் எங்கே என்று யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம். வழி சொல்கிறவர் 2004ஐயும் சேர்த்துச் சொல்லக்கூடும்.