கேபிளை உதறித் தள்ளும் வெடி

செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-இல் பி.எம்.டபிள்யூ ஆலை தொடங்கியது. அங்கே பொருத்தப்பட்ட 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்களின் பானெட்டைத் திறந்து பேட்டரியைத் தேடினால் கிடைக்காது. அது டிக்கியில் இருக்கும். 1959-இல் பிரிட்டனில் வந்த மினி காரிலும் அப்படித்தான்.

20 கிலோ அளவுள்ள பேட்டரியைப் பின்னால் கொண்டுபோனால், முன் சக்கரங்கள் மேல் விழும் பாரம் குறைந்து வண்டி வளைவில் நிதானமாகத் திரும்பும். நம் வெயிலில் இன்னொரு லாபமும் உண்டு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் பேட்டரித் தகடுகள் அரிக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இன்ஜின் சூட்டிலிருந்து விலகிய பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும்.

சிக்கல் கேபிளில்தான். இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் வாங்குகிறது என்று வைப்போம். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 5 மீட்டர் ஓடினால் வழியிலேயே 1 வோல்ட் போய்விடும். 50 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்தான். பேட்டரியை டிக்கிக்கு மாற்றித் தரும் பட்டறைகள் காசை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இது.

அதைவிடப் பெரியது ஷார்ட். பேட்டரியின் நெகட்டிவ், காரின் இரும்பு உடலோடு இணைந்திருக்கிறது. எனவே பாசிட்டிவ் கேபிள் போகிற வழியெல்லாம் எதிர்முனை பக்கத்திலேயே இருக்கிறது. தகட்டில் போட்ட ஓட்டைக்கு ரப்பர் வளையம் வைக்காமல் கேபிளை நுழைத்தால், வண்டியின் அதிர்வில் விளிம்பு நாள்பட அதன் உறையைத் தேய்க்கும். செம்பு வெளியே தெரிந்த கணமே 1,000 ஆம்பியருக்கு மேல் பாயும். உறை பற்றி எரியும். பேட்டரி முன்னால் இருக்கையில் செல்ஃப் கேபிள் குட்டையானது என்பதால் பெரும்பாலும் பியூஸ் வைப்பதில்லை. டிக்கிக்கு மாற்றினால் அந்தச் சலுகை செல்லாது. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் வேண்டும். அது காப்பது கேபிளைத்தான். கேபிளின் மறுமுனையில் வைத்தால் நடுவில் நேரும் ஷார்ட்டுக்குப் பயனே இல்லை.

மோதலின்போது நேரும் ஷார்ட்டுக்கு பி.எம்.டபிள்யூ பொறியாளர்கள் கண்ட வழி, பட்டாசுத் தொழில் நடக்கும் தாயில்பட்டி வாசகர்கள் ரசிக்கக்கூடியது. பாசிட்டிவ் முனையில் துளி வெடிமருந்து அடைத்த சின்னக் குப்பி இருக்கிறது. கார் பலமாக மோதினால், காற்றுப்பையை விரிக்கும் கணினியே இதற்கும் மின்துடிப்பு அனுப்பும். மருந்து வெடித்து, அந்த வாயு அழுத்தம் தடித்த கேபிளை முனையிலிருந்து பிடுங்கித் தள்ளும். கசிந்த பெட்ரோலின் மேல் அந்தக் கேபிளிலிருந்து பொறி விழ வழியில்லை. அபாய விளக்கு முதலானவற்றுக்கு மின்சாரம் வேறு வழியில் தொடர்ந்து கிடைக்கும். அளவும் இடமும் சரியாக இருந்தால் வெடிமருந்தே தீயைத் தடுக்கும் என்பது எனக்கு அலுக்காத வியப்பு. ஆனால் இது மோதலுக்கு மட்டும்; தேய்ந்த கேபிளுக்கு இது காவல் இல்லை. பட்டறையில் மாற்றிய காரில் பெரும்பாலும் இதுவும் இருக்காது.

அடுத்தது வாயு. சார்ஜ் ஏறும்போது, குறிப்பாக அளவு மீறினால், ஈய-அமில பேட்டரி ஹைட்ரஜனை விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரத்தின் சிறு பொறியே போதும். தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கம் மருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு அந்த மின்சாரத்தை இறக்கிவிடச் சொல்வது இந்தப் பொறிக்குப் பயந்துதான். பானெட்டுக்குள் காற்று அள்ளிக்கொண்டு போகும் வாயு, மூடிய டிக்கியில் தேங்கும். எனவே பேட்டரிக்கு மூடிய பெட்டியும், வாயு காருக்கு வெளியே போகக் குழாயும் வேண்டும்.

தீபாவளி நெருங்கினால் வெளியூர்க் கார்கள் இந்த வட்டாரத்துக்கு வந்து டிக்கி நிறையப் பட்டாசு ஏற்றிக்கொண்டு போகின்றன. உங்கள் பேட்டரி எங்கே இருக்கிறது என்று அதற்குமுன் பாருங்கள். பியூஸ், பெட்டி, குழாய் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், பேட்டரி உள்ள டிக்கியில் ஒரு பெட்டிப் பட்டாசு வைக்கவும் நான் சம்மதிக்க மாட்டேன்.